எல்லோருக்கும் ஐம்பத்தொன்பது

எங்கள் வீட்டில் ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. கடலூர் முதுநகரில் மாடி வீடு. மொட்டை மாடியில் ஓர் இரும்புக் குழாய், அதிலிருந்து பின்புறத் தென்னை வரை ஒரு கம்பி. மாடிப்படிக்குக் கீழே, அரிசி டிரம்முக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பெட்டி. இதைச் சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, பாட்டுப் போடுவீர்களா என்பதுதான். பாட்டுப் போடக் கூடாது. செய்தி வாசிக்கக் கூடாது. விளம்பரம் கூடவே கூடாது. பின்னே என்னதான் செய்வீர்கள் என்பார்கள். இன்னொரு நிலையத்தைக் கூப்பிட்டு, நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்போம். அவர் கேட்கிறது என்பார். நான் பேசுவது கேட்கிறதா என்று அவர் கேட்பார். கேட்கிறது என்போம். நன்றி சொல்லிப் பிரிவோம்.

இதற்கு ஹாம் ரேடியோ என்று பெயர். புயலோ வெள்ளமோ வந்து செல்போன் கோபுரமெல்லாம் செத்துப் போன பிறகும், ஒரு கார் பாட்டரியும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் ஊர் விட்டு ஊர் பேசலாம் என்பது இதன் பெருமை. அந்தப் பெருமைக்காகத்தான் அரசாங்கம் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது. புயல் இல்லாத நாளில் என்ன பேசுவது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அதனால் நாங்கள் கருவியைப் பற்றியே பேசுவோம். உங்கள் பெட்டி என்ன பெட்டி, கம்பி எவ்வளவு உயரம், பாட்டரி புதுசா பழசா. பேசுவதற்காக வாங்கிய கருவியில் வருஷக்கணக்காக நாங்கள் பேசியதெல்லாம் அந்தக் கருவியைப் பற்றித்தான்.

ஆசை என் வீட்டுக்காரருடையது. லைசென்ஸ் என்னுடையது. அவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். சின்ன வயதிலிருந்தே ரேடியோப் பைத்தியம். பரீட்சை எழுதச் சென்னைக்குப் போகும்போது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு நீயும் எழுதேன் என்று எனக்கும் பணம் கட்டினார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறவள். எனக்கு மின்சாரம் என்றால் பில் வரும் விஷயம், அவ்வளவுதான். ஆனால் மனப்பாடம் செய்யத் தெரியும். அந்தப் புத்தகத்தை அப்படியே உருப்போட்டு அப்படியே எழுதிவிட்டு வந்தேன். அவர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு எழுதினார். புரிந்துகொண்டதோடு நிறுத்தாமல், இரண்டு கேள்விகள் தப்பு என்று விடைத்தாளிலேயே விளக்கம் எழுதி வைத்தார். நான் பாஸ். அவர் பெயில். திரும்ப எழுதச் சொன்னேன். கேள்வித்தாள் தயாரித்தவருக்கு விஷயம் தெரியவில்லை, அந்த ஆள் மாறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

லைசென்ஸுக்காக விசாரிக்க வந்த போலீஸ்காரர் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "ரேடியோ கேக்கறதுக்கு எதுக்கு டீச்சர் லைசென்ஸு? கடையில வாங்கித் திருகுனா பாடுதே?" என்றார். என் வீட்டுக்காரர் அவருக்கு விளக்க ஆரம்பித்தார். போலீஸ்காரர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

ஆக, குழாயில் ஏறிக் கம்பி கட்டுவது அவர், மைக்கைப் பிடித்துப் பேசுவது நான். லைசென்ஸ் இல்லாதவர் பேசுவது சட்டப்படி தப்பு என்று அவருக்குத் தெரியும். அதனால் மைக்கைத் தொடவே மாட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இதைக் கேள், அதைச் சொல் என்று காதில் ஓதிக்கொண்டே இருப்பார். வகுப்பில் இப்படி ஒரு பையன் செய்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வட்டாரத்து ஹாம்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். நடத்துகிறவர் சிதம்பரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர், எழுபதைத் தாண்டியவர். அவருடையது பெரிய நிலையம். கணீரென்று வருவார். ஒவ்வொருவரையும் அழைத்து வணக்கம் சொல்லி மார்க் போடுவார். இந்த மார்க்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேச்சு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை. எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை. இரண்டும் முழுசாக இருந்தால் ஐந்து, ஒன்பது. நாங்கள் சேர்த்து ஐம்பத்தொன்பது என்போம். அதற்கு மேல் மார்க் கிடையாது.

சிதம்பரத்துக்காரர் எல்லோருக்கும் ஐம்பத்தொன்பதுதான் போடுவார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒருவர் வருவார். அவர் பேசினால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அவருக்கும் ஐம்பத்தொன்பது. "சார், உங்க சிக்னல் அம்பத்தொம்பது, பிரமாதம். உங்க பேரு மட்டும் இன்னொரு தரம் சொல்லுங்க" என்பார். யாருக்கும் சிரிப்பு வராது. ஏனென்றால் நாங்களும் அதையேதான் செய்வோம். ஒருவர் ஆசை ஆசையாகக் கம்பி கட்டி, வெயிலில் குழாய் ஏறி, நம்மைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கும்போது, மோசம் என்று எப்படிச் சொல்வது? கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வோமோ அதுதான். என் வகுப்பில் இதுவரை ஒரு பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை நான். ரேடியோவில் உட்கார்ந்தால் தாராளம்.

எங்களுக்கும் வாரம் தவறாமல் ஐம்பத்தொன்பது வந்தது. கூடவே "ஒய்எல்" என்று ஒரு மரியாதை. இளம்பெண் என்று அர்த்தம். ஹாம்களுக்குப் பெண் என்றால் எந்த வயதிலும் இளம்பெண்தான், ஆண் என்றால் பிறந்ததிலிருந்தே கிழவர்தான். எனக்கு முட்டி வலி வந்த பிறகும் ஒய்எல் என்றே கூப்பிட்டார்கள். இந்த ஒரு சௌகரியத்துக்காகவே லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரரோ ஒவ்வொரு ஐம்பத்தொன்பதுக்கும் என் நாற்காலியின் முதுகைத் தட்டுவார். அவர் கட்டிய கம்பி, அவர் போட்ட முடிச்சு, பாஸ் செய்தவர்களைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்பதற்கு வாரா வாரம் சாட்சி.

வருஷத்துக்கு ஒரு முறை பேரிடர் ஒத்திகையும் உண்டு. புயல் வந்ததாக வைத்துக்கொண்டு செய்தி அனுப்பிப் பழகுவது. அனுப்ப வேண்டிய செய்தி முதல் நாளே எல்லோருடைய போனுக்கும் வந்துவிடும். நாங்கள் அதைப் பார்த்து வாசிப்போம், அந்தப் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள், ஓர் எழுத்துக்கூடப் பிசகாது. அப்புறம் சால்வை போர்த்துவார்கள். எங்கள் வீட்டு பீரோவில் அந்தச் சால்வைகள் ஒரு தட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இந்த நிலையத்தை ஆரம்பத்திலிருந்தே நம்பாதவர் பக்கத்து வீட்டு அக்கா. முஸ்லிம் குடும்பம், வீட்டுக்காரர் மலேசியாவில் கடை வைத்திருக்கிறார். எங்கள் சுவருக்கு ஒட்டின சுவர். நான் மைக்கை அழுத்தினால் அவர் வீட்டு டிவியில் கோடு விழும். "டீச்சர்! சீரியல்ல கோடு கோடா ஓடுது! அந்த ஆளுகிட்ட அப்புறமா நல்லா இருக்கீங்களான்னு கேட்டுக்குங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார். கடல் காற்றில் கம்பி ஆடினால், "அண்ணே, இது எப்ப எந்தலையில விழும்னு சொன்னீங்கன்னா அன்னிக்கு நான் ஊருக்குப் போயிருவேன்" என்பார். ஆனால் நோன்புக் கஞ்சி வைத்தால் முதல் தூக்குவாளி எங்களுக்குத்தான் வரும்.

எங்கள் மாவட்டத்துக்குப் புயல் புதிதில்லை. அதனால் அந்தப் புயல் வருகிறது என்றபோது வழக்கம்போல மெழுகுவத்தி, பால் பவுடர், தண்ணீர் என்று எடுத்து வைத்தோம். என் வீட்டுக்காரர் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர்போலப் பாட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரவெல்லாம் காற்று அடித்து ஓய்ந்து, விடிந்து பார்த்தால் தென்னை எங்கள் பின்சுவரின் மேல் படுத்திருந்தது. குழாய் வளைந்திருந்தது. கம்பி அறுந்து அக்கா வீட்டு மாடியில் கிடந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. எந்தப் போனிலும் ஒரு கோடுகூட இல்லை. இத்தனை வருஷம் நாங்கள் எதற்காகக் காத்திருந்தோமோ அது வந்தே விட்டது. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டிருந்தார்.

அறுந்த கம்பியை அவர் முடிச்சுப் போட்டு, அதன் நுனியை அக்கா வீட்டுத் துணி காயப்போடும் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா தண்ணீரில் இறங்கி எங்கள் வீட்டுக்குள் வந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"டீச்சர், உங்க ரேடியோவுல சிதம்பரம் பேசலாமா?"

அவர் மகளைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம் இங்கே நடந்தது. இது இரண்டாவது, அதனால் மாமியார் வீட்டில். தேதிக்கு இன்னும் நாள் இருந்தது, அக்கா ஒரு வாரம் முன்னால் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம், போன் சாகிறதற்குக் கொஞ்சம் முன்னால், மருமகன் பேசியிருக்கிறார். வலி எடுத்துவிட்டது, தெற்கு வீதிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம் என்று சொல்லும்போதே லைன் போய்விட்டது.

"அவளுக்குப் பென்சிலின் ஊசி ஆவாது டீச்சர். ஆறு வயசுல காய்ச்சலுக்குப் போட்டாங்க. மூஞ்செல்லாம் வீங்கி மூச்சே நின்னு போச்சு. டாக்டரு சொன்னாரு, இன்னொரு தரம் போட்டா புள்ள பொழைக்காதுன்னு. அவளுக்கு அந்தப் பேரு கூடத் தெரியாது. எங்க போனாலும் நான்தான் கூடப் போயி சொல்லுவேன். அவ மாமியாவுக்கும் தெரியாது. ஆபரேஷன் கீபரேஷன்னா ஊசி போடுவாங்கல்ல?"

ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள், முதலில் கொஞ்சம் போட்டுப் பார்ப்பார்கள் என்றெல்லாம் ஆறுதல் சொன்னேன். ஆனால் புயல் இரவில், ஜெனரேட்டர் வெளிச்சத்தில் யார் கேட்பார்கள், யார் பார்ப்பார்கள்?

பெட்டியைப் போட்டேன். சிதம்பரத்துக்காரர் எப்படியும் காத்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். காத்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது அழைப்பிலேயே பதில் வந்தது.

"வணக்கம் ஒய்எல், நல்லா இருக்கீங்களா? உங்க சிக்னல் அம்பத்தொம்பது. பிரமாதமா இருக்குது. சொல்லுங்க."

அவசரச் செய்தி என்றேன். பெண்ணின் பெயர், புருஷனின் பெயர், ஆஸ்பத்திரி இருக்கும் இடம், பிரசவம், பென்சிலின் ஊசி ஆகாது, போடவே கூடாது, இதை உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொன்னேன். மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகவும் சொன்னேன்.

"செய்தி ரொம்பத் தெளிவும்மா. கெடச்சுது. உடனே போறேன்."

அக்கா இரண்டு கைகளையும் ஏந்தித் துவா செய்து முகத்தில் தடவிக்கொண்டார். நானும் மூச்சு விட்டேன். என் வீட்டுக்காரர் நாற்காலி முதுகைத் தட்டினார். "பாத்தியா? மரமே விழுந்து போச்சு. அறுந்த கம்பி. துணி காயப்போடுற கம்பத்துல கட்டியிருக்கு. அப்பவும் அம்பத்தொம்பது!"

அவர் பெருமையாகச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. தென்னை உயரத்தில் இருந்தபோதும் ஐம்பத்தொன்பது, தலைக்கு மேலே தொங்கும்போதும் ஐம்பத்தொன்பது. எழுதினாலும் நூறு, எழுதாவிட்டாலும் நூறு என்றால் வாத்தியார் தாளைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம். மைக்கை அழுத்தினேன்.

"ஐயா, ஒரு நிமிஷம். நான் சொன்னத நீங்க ஒரு தரம் திருப்பிச் சொல்லுங்க."

இது மரியாதையில்லை. ஐம்பத்தொன்பது கொடுத்தவரிடம் திருப்பிச் சொல் என்று யாரும் கேட்பதில்லை.

"சொல்றேம்மா. தெற்கு வீதி ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குச் சேத்திருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு உடனே பென்சிலின் ஊசி போடணும். டாக்டர்ட்ட சொல்லணும். சரிதானே?"

அக்கா என் தோளைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. "போடச் சொல்றாரா? டீச்சர், போடச் சொல்றாரா அவரு?"

"கூடாது! போடக் கூடாது! கூடாது!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். சிதம்பரத்துக்குக் கேட்கவில்லை.

"சரிம்மா, அம்பத்தொம்பது. அப்படியே செய்யறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. ஒரு தாய் நிற்கிறாள் பக்கத்தில், இங்கே என்ன மரியாதை வேண்டியிருக்கிறது? ஒவ்வொரு வார்த்தையாக, மூன்று நான்கு முறை திருப்பித் திருப்பிச் சொன்னேன். "ஐயா. போகாதீங்க. மார்க் வேணாம். நான் பேசறது. உண்மையில. எப்படிக் கேக்குது?"

"தப்பா நெனைக்கக் கூடாதும்மா. சரியா கேக்கல. ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் வருது. மிச்சத்த நானா சேத்துக்கறேன்."

"புயலாலயா?"

"இல்லம்மா. உங்க நிலையம் எப்பவுமே அப்படித்தான்."

எப்பவுமே. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நாற்காலி முதுகில் இருந்த கை எடுக்கப்பட்டது. பீரோ நிறையச் சால்வை, வாரா வாரம் சாட்சி, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. அந்த நேரத்தில் அவருக்காக வருத்தப்பட எனக்கு நேரமில்லை. பிற்பாடு பட்டேன்.

என் வீட்டுக்காரர் இடுக்கியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். பெட்டியிலிருந்து போகும் கேபிள் மேலே கம்பியோடு சேருகிற இடத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. நிலையம் வைத்த நாளில் அவரே டேப்பைச் சுற்றி மூடியது. அதற்குப் பிறகு அவர் கம்பியை எத்தனையோ முறை ஏற்றியிருக்கிறார், இறக்கியிருக்கிறார், அந்த இணைப்பை மட்டும் பிரித்துப் பார்த்ததே இல்லை. எதற்குப் பிரிக்க வேண்டும்? ஐம்பத்தொன்பது போகிறதே. இப்போது டேப்பை அறுத்ததும் உள்ளே செம்பே இல்லை. உப்புக் காற்று அரித்து, பச்சைப் பொடியாக உதிர்ந்தது. முதுநகரில் ஜன்னல் கம்பியையே இரண்டு வருஷத்தில் தின்றுவிடுகிற காற்று அது. அழுகின பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல செம்பு தெரிகிற வரைக்கும் சீவி, கம்பியோடு கம்பியாக முறுக்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். சிதம்பரத்துக்காரர் கிளம்பிப் போய்விட்டால் என்ன ஆகும்? போட்டுவிடுங்கள் என்று போய்ச் சொல்லிவிட்டால்?

அவர் போகவில்லை. நான் கூப்பிட்டதும் பதறிப்போய்க் கேட்டார். "யாரும்மா பேசறது?"

"நான்தான் ஐயா. கடலூர்."

"நீங்களா? இதுதான் உங்க குரலா? நான் என்னமோ சின்னப் பொண்ணுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அந்த நிலைமையிலும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு செய்தியைச் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் அவரை எழுதிக்கொண்டு திருப்பி வாசிக்கச் சொன்னேன். "பென்சிலின் கூடாது. போட்டால் உயிருக்கு ஆபத்து" என்று அவர் வாசித்தபோது அக்கா, "ஆமா, ஆமா, அதேதான்" என்று மைக்கைப் பார்த்துத் தலையாட்டினார். சிதம்பரத்துக்காரர் வீட்டிலிருந்து தெற்கு வீதிக்கு நடந்துதான் போக வேண்டும், வழியெல்லாம் தண்ணீர். எழுபது வயது தாண்டியவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ போட்டேன், யாரும் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து கையிலிருந்த பச்சைக் கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சிதம்பரத்துக்காரர் குரல் திரும்ப வந்தபோது அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"செய்தி சேந்திருச்சும்மா. ஊசி போடறதுக்கு எடுத்து வச்சிருந்தாங்க, மாத்திட்டாங்க. ஆம்பளப் புள்ள. அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்க. கவலையே வேணாம்னு சொல்லுங்க."

நான் அழுதேவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அக்கா கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பெட்டியை முறைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த ஆளு எதுக்கும் நல்லா இருக்குதுன்னுதானே டீச்சர் சொல்லுவாரு?"

நான் மைக்கைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

"கேளுங்க டீச்சர். இவரு அவளக் கண்ணால பாத்தாரா? எப்படி இருந்தா? எங்கிட்ட மறைக்க வேணாம்னு சொல்லுங்க."

கேட்டேன். இந்த முறை சிக்னலில் குறை ஒன்றும் இல்லை. அவர் தயங்குகிற மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது.

"புள்ள நல்லா இருக்குது, அது சத்தியம். பொண்ணு... ரத்தம் ஜாஸ்தியா போயிருச்சாம். ஏத்திக்கிட்டு இருக்காங்க. டாக்டரம்மா பாத்துக்கலாம்னாங்க. நான் பாக்கறப்ப கண்ணத் தொறக்கல. கூப்பிட்டாங்க, தொறக்கல. பெத்தவங்ககிட்ட இத எப்படிம்மா சொல்றது?"

அக்காவுக்கு எல்லாமே நேராகக் கேட்டது. நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கத்துவார், சாய்ந்து விழுவார் என்று எழுந்து பிடிக்கப் போனேன். அவர் தலையை ஆட்டினார். "இது உண்மை" என்றார். முந்தானையை இழுத்துத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். "நான் போறேன் டீச்சர்."

ரோடெல்லாம் மரம் கிடக்கிறது, வெள்ளாற்றில் தண்ணீர் எப்படி இருக்கிறதோ, கொஞ்சம் பொறுங்கள், இன்னொரு முறை கேட்டுவிடலாம் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. ரயில்வே கேட் பக்கம் ஆலப்பாக்கம் வரைக்கும் போகிற டிராக்டர் ஒன்று நின்றது. அதில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போய்விட்டார். அங்கிருந்து நடப்பாராம்.

அவர் போய் வெகுநேரம் கழித்துப் பெட்டி கரகரத்தது. சிதம்பரத்துக்காரருக்குக் குரல் உடைந்திருந்தது. அவரை யாரும் போகச் சொல்லவில்லை. மனசு கேட்காமல் திரும்பவும் தண்ணீரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார்.

"கண்ணத் தொறந்துட்டாம்மா. நானே பக்கத்துல நின்னேன். தொறந்து, எங்கம்மா எங்கன்னு கேட்டா. டாக்டரம்மா இனிமே பயமில்லன்னுட்டாங்க. நான் ஒண்ணும் சேக்கல, அப்படியே சொல்றேன்."

நன்றி சொன்னேன். மைக்கை வைத்தேன். ஒரு பொய்கூடக் கலக்காத நல்ல செய்தி, முழுத் தெளிவோடு, முழுப் பலத்தோடு எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டது. கேட்க வேண்டியவர் ஏதோ ஒரு ரோட்டில், மகள் கண்ணைத் திறக்கவில்லை என்ற நினைப்போடு நடந்துகொண்டிருந்தார். அவரிடம் பெட்டியும் இல்லை, கம்பியும் இல்லை.

என் வீட்டுக்காரர் மொபெட்டை வெளியே எடுத்தார். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு பேருமே எனக்குச் சொன்னார்கள். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு புளியமரம் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டு அவர் ஓடியிருக்கிறார். ஓடிப் பழக்கமில்லாத மனுஷர். ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது. தூரத்தில் அக்காவின் முந்தானையைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஓடினார். அக்கா திரும்பிப் பார்த்தார். அடுத்த வீட்டு மனுஷர், தொப்பலாக நனைந்து, ஒற்றைச் செருப்போடு, வாயைப் பிளந்துகொண்டு இத்தனை தூரம் ஓடி வருகிறார் என்றால் என்ன நினைப்பார்கள்? நல்ல செய்திக்கு யார் இப்படி ஓடி வருவார்கள்? "யா அல்லா" என்று தலையில் அடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கோ மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. இல்லை, இல்லை, அப்படி இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அதைப் பார்த்து அக்கா இன்னும் பெரிதாகக் கதறினார். கடைசியில் அவரும் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "முழிச்சிட்டா" என்றார். "உங்க பொண்ணு முழிச்சிட்டா. எங்கம்மா எங்கன்னு கேட்டாளாம்."

அக்கா அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். அத முதல்ல சொல்லித் தொலைக்கக் கூடாதா, இதுக்கா இப்படிப் பேய் மாதிரி ஓடி வந்தீங்க, எம் புள்ள மவுத்தாயிட்டான்னே நெனச்சிட்டேனே என்று அழுதுகொண்டே திட்டினார். திட்டி முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் சிதம்பரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும், "அண்ணே, அவ என்ன கேட்டான்னு சொன்னீங்க?" என்றார் அக்கா.

"எங்கம்மா எங்கன்னு கேட்டாளாம்."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னார். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.